பயன் தெரியாத ஆராய்ச்சிக்குச் சமூகம் ஏன் பணம் தர வேண்டும்?

கேள்வி இதுதான்: வெறும் ஆர்வத்தால் நடக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் நம் கைக்கு வந்து சேரும் புதிய கருவிகள், மருந்துகள் போன்றவற்றுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இருந்தாலும், எது எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டியே பார்த்து அதற்கு மட்டும் பொதுப்பணத்தைக் கொடுத்தால் என்ன? வரி கட்டுகிற எவரும் கேட்கவேண்டிய கேள்வி, கேட்பவரை அறிவியலுக்கு எதிரி என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. இதற்கு வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற பாதி. முதலில் வழக்கமானதைச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

வழக்கமான பதிலுக்கு நான் எடுத்துக்கொள்வது தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரின் வேலையை. 1960களில் அவர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கை வைத்தால் பொத்துப்போகும் சூட்டில் நீர் ஓடுகிறது, அதன் ஓரமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாக வழவழவென்று ஏதோ படர்ந்திருக்கிறது. இவ்வளவு சூட்டில் எது வாழ்கிறது, எப்படி வாழ்கிறது? அவ்வளவுதான் அவர் கேட்டது. 1966இல் அவரும் ஹட்சன் ஃபிரீஸ் என்ற இளநிலை மாணவரும் ஓர் ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில், சுமார் 70 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். அதோடு பிராக் இன்னொன்றும் செய்தார், பிற்பாடு நடந்ததற்கெல்லாம் இதுவே அச்சாணி என்பது என் எண்ணம்: அந்தப் பாக்டீரியாவைத் தன் அலமாரியில் பூட்டி வைக்காமல், நுண்ணுயிரிகளைச் சேமித்துக் கேட்கிற ஆய்வாளர்களுக்கு அனுப்பும் பொதுச் சேமிப்பகம் ஒன்றில் கொடுத்து வைத்தார்.

பல ஆண்டுகள் கழித்து, 1983இல், டிஎன்ஏவின் ஒரு துண்டைச் சோதனைக் குழாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பப் படியெடுக்கும் யோசனை கேரி மல்லிஸ் என்ற உயிர்வேதியியலாளருக்கு வந்தது. சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும், சூட்டைக் குறைத்தால் ஒரு நொதி ஒவ்வோர் இழைக்கும் அதன் இணையைக் கட்டிவிடும், பிறகு மறுபடி சூடு, மறுபடி தணிப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாகும், 30 சுற்று ஓட்டினால் ஒரு துண்டு 100 கோடிக்கு மேல் பெருகிவிடும். சிக்கல் எங்கே என்றால், 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கும்போது நொதியும் சேர்ந்து கெட்டுப்போகும், அதனால் சுற்றுக்குச் சுற்று புதிதாக நொதி சேர்க்கவேண்டும். வெந்நீரிலேயே பிறந்து வளரும் பாக்டீரியாவின் நொதிக்கு அந்தச் சூடு பொருட்டில்லை. அந்த நொதியை 1976லேயே வேறு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து எழுதி வைத்திருந்தார்கள், பாக்டீரியாவும் சேமிப்பகத்தில் காத்திருந்தது. இப்படிப் பிறந்ததுதான் இன்றைய பிசிஆர். மல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1991இல், பிசிஆர் உரிமைகள் 30 கோடி டாலருக்குக் கைமாறியிருந்தன. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒரு முடியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதும், பரம்பரை நோயைக் கருவிலேயே கண்டறிவதும், கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையும் இதன்மேல்தான் நிற்கின்றன.

சரி, இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, எந்த ஆராய்ச்சியும் என்றாவது ஒருநாள் பயன்படும்" என்று முடிக்கலாமா? கூடாது. அது நேர்மையான வாதம் இல்லை. ஜெயித்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறோம். அதே காலத்தில் ஆர்வத்தால் செய்த ஆராய்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை எந்தக் கருவியாகவும் மருந்தாகவும் மாறவில்லை, இனி மாறவும் போவதில்லை, அதில் தவறும் இல்லை. "என்றாவது பயன்படும்" என்று சத்தியம் செய்து பணம் வாங்கினால், பயன்படாதபோது மக்கள் நம்மை நம்பமாட்டார்கள்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. முதலில் ஆர்வம், அப்புறம் கண்டுபிடிப்பு, அப்புறம் பொருள், கடைசியில் சமூகம் என்று ஒரே திசையில் எல்லாம் ஓடுவதாக அந்தப் பதில் காட்டுகிறது. நடந்ததைப் பார்த்தால் பல நேரம் தலைகீழ். நியூகமனின் நீராவி இயந்திரம் 1712லேயே சுரங்கத்திலிருந்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது, வெப்பம் எப்படி வேலையாக மாறுகிறது என்று சாதி கார்னோ எழுதியது 1824இல்தான். அதாவது இயந்திரம் ஓடி நூறு ஆண்டுக்குப் பிறகு, அந்த இயந்திரமே கிளப்பிவிட்ட கேள்வியிலிருந்து வெப்ப இயக்கவியல் பிறந்தது. லூயி பாஸ்டரும் அப்படித்தான். 1856இல் லீல் நகரத்துச் சாராய உற்பத்தியாளர் ஒருவர், பீட்ரூட்டிலிருந்து வடிக்கும் சரக்கு கெட்டுப்போகிறதே என்று அவரிடம் வந்து நின்றார். அந்தத் தொழிற்சாலைத் தொல்லையிலிருந்து தொடங்கிய தேடல், நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதில் போய் முடிந்தது. ஆர்வமும் பயனும் இரண்டு தனித்தனித் துறைகள் என்று அவரிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கண்டுபிடித்த ஒன்று தானாகவே நடந்து மக்களிடம் வந்துவிடும் என்பதும் நடப்பதில்லை. பெனிசிலின் என்றால் எல்லோருக்கும் 1928ம் ஃபிளெமிங்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் அது மருந்தாகவில்லை, ஏனென்றால் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1939இல் ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியும் செயினும் மறுபடி கையில் எடுத்தார்கள், ஹீட்லி என்பவர் கிடைத்த பாத்திரங்களையெல்லாம் வைத்துப் பூஞ்சையை வளர்த்து, சாற்றிலிருந்து அதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1941இல் கடும் தொற்றில் கிடந்த ஒரு காவலருக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். அவர் தேறத் தொடங்கினார், ஆனால் கையில் இருந்த மருந்து சில நாளிலேயே தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினைத் திரும்பப் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள், போதவில்லை, அவர் இறந்துபோனார். மருந்து வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது, போதிய அளவு செய்ய ஆள் இல்லை. அரசுகளும் தொழிற்சாலைகளும் போர்க்கால அவசரத்தில் பணத்தைக் கொட்டி இறங்கிய பிறகே 1944க்குள் படைகளுக்குப் போதுமான பெனிசிலின் வந்தது. புத்தாக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த நடுவேலைதான். அதைச் செய்கிறவர்களின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

இதுவரை சொன்னது வழக்கமான பாதி, சில திருத்தங்களோடு. இனி மற்ற பாதி.

ஆர்வத்தால் செய்யும் ஆராய்ச்சி சமூகத்துக்குப் புதிய பொருள்களைத் தருகிறது என்பதைவிட எனக்கு அழுத்தமாகப் படும் காரணம் ஒன்று உண்டு: நாம் ஏற்கெனவே செய்து பரப்பிவிட்ட பொருள்கள் நமக்கு என்ன செய்கின்றன என்பதை அதுதான் நமக்குச் சொல்லியிருக்கிறது. இதற்கு ஒரே மனிதருடைய இரண்டு கண்டுபிடிப்புகளைப் பார்த்தாலே போதும்.

தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1921இல், பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் என்ஜின் உள்ளுக்குள் தட்டி இடிக்காமல் ஓடும் என்று கண்டார். பயன் கண்முன்னே தெரிந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஈயம் நஞ்சு என்பது அப்போது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 1924இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, ஐந்து பேர் இறந்தும் போனார்கள். கொஞ்ச காலம் விற்பனையை நிறுத்தினார்கள், ஒரு குழு பார்த்தது, 1926இல் மறுபடி விற்கத் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் சுமார் 40 ஆண்டுகள், மனித உடலில் கொஞ்சம் ஈயம் இருப்பது இயற்கை, அதனால் பயமில்லை என்ற கருத்துதான் ஓங்கி நின்றது. அதைச் சொன்ன ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததும் அந்தத் தொழில்துறைதான்.

இதை உடைத்தவர் பொதுச் சுகாதாரத்துறைக்காரர் இல்லை. கிளேர் பேட்டர்சன் என்ற புவிவேதியியலாளர். அவருக்கு வேண்டியிருந்தது பூமியின் வயது. விண்கல்லில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது வெவ்வேறு எடையுள்ள ஈய அணு வகைகளை, அளந்தால் அதைக் கணக்கிடலாம். ஆனால் அளக்கும்போதெல்லாம் ஈயம் கூடுதலாகவே வந்தது. பாத்திரத்தில் ஈயம், தண்ணீரில் ஈயம், காற்றில் ஈயம், தலைமுடியில் ஈயம். ஆண்டுக்கணக்கில் துடைத்துக் கழுவி, காற்றை வடிகட்டி, மிகத் தூய்மையான ஆய்வகம் ஒன்றைக் கட்டிய பிறகுதான் அவரால் அளக்க முடிந்தது. 1956இல் விடையை வெளியிட்டார்: 455 கோடி ஆண்டுகள். நாம் இன்றும் சொல்லும் எண் ஏறக்குறைய அதுதான்.

இங்கேயே அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆய்வகத்துக்குள் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. கடல் நீரை அளந்தார், ஆழத்தில் இருப்பதைவிட மேல்மட்டத்தில் ஈயம் மிக அதிகம், அதாவது அண்மையில் மேலிருந்து வந்து விழுந்தது. கிரீன்லாந்தின் பனியை அடுக்கடுக்காக அளந்தார், பழைய பனியில் மிகக் குறைவு, தொழில்யுகத்தில் ஏறியது, 20ஆம் நூற்றாண்டில் செங்குத்தாக ஏறியது. 1965இல், இன்றைய மனிதர் உடலில் இருக்கும் ஈயம் இயற்கையான அளவைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு என்று எழுதினார். "வழக்கமான அளவு" என்று எல்லோரும் நம்பியது இயற்கையான அளவே இல்லை, எல்லோரும் சேர்ந்து நஞ்சுண்ட அளவு. அவருக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய்த் தொழில்துறையின் பணம் நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி ஆராய அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் அமைத்த குழுவில், அந்த விஷயத்தை அவரளவுக்கு அறிந்தவர் இல்லை என்றபோதும், அவருக்கு இடம் தரவில்லை.

பெட்ரோலிலிருந்து ஈயம் போனதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்லமாட்டேன். 1975 முதல் அமெரிக்கக் கார்களில் வந்த புகை சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகளை ஈயம் பாழாக்கியது என்பதும் பெரிய காரணம், குழந்தைகளின் ரத்தத்தையும் அறிவுத்திறனையும் ஆராய்ந்த மருத்துவர்களின் பங்கும் பெரிது. ஆனால் இயற்கை அளவு எது என்று பேட்டர்சன் காட்டியிராவிட்டால் அந்த வாதம் நிற்க இடமே இருந்திருக்காது. சாலை வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் அமெரிக்காவில் 1996இல் முழுக்க முடிவுக்கு வந்தது. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. அமெரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் உள்ள ஈயம் 1970களின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், 1950இல் ஒரு குழு உட்கார்ந்து, பூமியின் வயதைத் தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று அவருடைய விண்ணப்பத்தை ஒதுக்கியிருந்தால் அதில் யாரும் தவறு கண்டிருக்கமாட்டார்கள்.

மிட்ஜ்லியின் இரண்டாவது கண்டுபிடிப்பு குளோரோபுளோரோகார்பன், 1928இல். குளிர்சாதனப் பெட்டிகளில் அதுவரை அம்மோனியாவும் சல்பர் டைஆக்சைடும் இருந்தன, கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். இது தீப்பிடிக்காது, நஞ்சும் இல்லை. உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு, கெட்ட எண்ணம் எதுவும் இதில் இல்லை. எதனோடும் வினைபுரியாமல் அப்படியே இருக்கும் என்பதுதான் இதன் சிறப்பு. அதுவே பின்னால் சிக்கலாகவும் ஆனது.

ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1957இல், காற்றில் நம்பமுடியாத அளவு குறைவாக உள்ள சேர்மங்களையும் பிடிக்கும் ஓர் உணர்கருவியைச் செய்திருந்தார். அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு 1971 முதல் 1972 வரை அண்டார்டிகா பக்கம் போய்வந்தார். அதற்கு அவர் கேட்ட நிதி மறுக்கப்பட்டிருந்தது. போன இடமெல்லாம், மனித நடமாட்டமே இல்லாத கடல்மேல் உள்ள காற்றிலும்கூட, குளோரோபுளோரோகார்பன் இருந்தது. இதனால் ஆபத்து எதுவும் இல்லை என்றே அவர் 1973இல் எழுதினார். அவர் அளந்தது சரி, எடுத்த முடிவு தவறு. ஆனால் அந்த எண்களைக் கேள்விப்பட்ட ஷெர்வுட் ரோலண்ட் என்ற வேதியியலாளருக்கு ஒரு கேள்வி வந்தது: கரையாமல் சிதையாமல் இருக்கும் இது கடைசியில் எங்கேதான் போகும்? அவரும் மரியோ மொலினாவும் கணக்கிட்டு 1974இல் வெளியிட்டார்கள். மேலே போய்ப் புற ஊதாக் கதிரில் உடையும், வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்னும். பல ஆண்டுகள் இது வெறும் கணக்கு என்று தள்ளினார்கள். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும், அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் 1950களிலிருந்து ஆண்டுதோறும் எடுத்துவந்த ஓசோன் அளவுகளை வெளியிட்டார்கள். அங்கே வசந்த காலத்தில் ஓசோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தது. இரண்டே ஆண்டில், 1987இல், இத்தகைய சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை. பின்னர் ஐக்கிய நாடுகளின் எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்றன. அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் 2066 வாக்கில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்பது இப்போதைய மதிப்பீடு.

இந்த இரண்டு கதைகளிலும் எனக்குப் படுவது இதுதான். பொருளைச் செய்தவர்களுக்கு ஒரு குறிக்கோள் இருந்தது, அந்தக் குறிக்கோள் நிறைவேறியது: என்ஜின் இடிக்கவில்லை, பெட்டி கசிந்து ஆளைக் கொல்லவில்லை. குறிக்கோளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்களுக்குக் காரணமும் இல்லை, சம்பளமும் இல்லை. வெளியே பார்த்தவர்கள் வேறு எதையோ தேடிப் போனவர்கள். எல்லா நிதியையும் குறிக்கோள் உள்ள வேலைக்கே கொடுத்துவிட்டால், குறிக்கோளுக்கு வெளியே நடப்பதைப் பார்க்க ஆள் இருக்காது.

அதற்காக, ஆர்வம் தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நம்பவும் முடியாது. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கேள்வியே எழுகிறது. அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை, பிள்ளைப்பேறு வயதில் உள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கக்கட்டச் சோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்ற வழிகாட்டுதல் இருந்தது. நல்லெண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் அதன் விளைவாகப் பெண் உடலில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியைக் கேட்கவே ஆள் குறைந்துபோனது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து 1992இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும் நேரத்திலும் ரத்தத்தில் தங்கியிருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013இல். இடையில் இருபது ஆண்டுகள். ஆய்வகத்துக்குள் யார் இருக்கிறார்கள், வெளியிலிருந்து யாருடைய குரல் உள்ளே கேட்கிறது என்பதெல்லாம் அறிவியலுக்குச் சம்பந்தமில்லாத அரசியல் என்று ஒதுக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதைப் பற்றி ஆர்வம் வரும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

அப்படியானால் பணத்தை எப்படிப் பிரிப்பது? பெரும்பங்கு, தெரிந்த தேவைகளுக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை, நோய்க்கு மருந்து வேண்டும், அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு பங்கை, "இதனால் என்ன பயன்" என்ற கேள்வியைக் கேட்காமல், கேள்வி நல்ல கேள்வியா, செய்பவர் திறமையானவரா என்று மட்டும் பார்த்துக் கொடுக்கவேண்டும். ஒரு பொருளின் தீங்கை ஆராய்கிறவருக்கு அந்தப் பொருளை விற்பவரின் பணத்தைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வரவே கூடாது, அந்தப் பணம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதைப் பேட்டர்சனின் கதை காட்டுகிறது. கண்டதைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைப்பதற்கும் பணம் ஒதுக்கவேண்டும். பிராக்கின் பாக்டீரியா யாரோ ஒருவருடைய குளிர்பெட்டியில் கிடந்து செத்திருந்தால் அந்த நொதியும் கிடைத்திருக்காது.

எல்லாவற்றையும்விட முதலில் வெட்டுக்கு ஆளாவது ஆண்டுக்கணக்கில் ஒரே விஷயத்தை அளந்துகொண்டே இருக்கும் வேலைதான். புதிதாக எதுவும் இல்லை, போன ஆண்டும் இதையேதானே அளந்தீர்கள் என்பார்கள். சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. காற்றின் கலவையை நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. அந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தால் 1964இல் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதங்களுக்கும் எண் இருக்காது. நிதி குறைக்கப்பட்டு ஆள் இல்லாமல் கருவி நின்ற மாதங்கள் அவை. அந்தக் காற்றை இனிப் போய் அளக்க முடியாது.